அந்தமானில் ஏழு நாள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

கேள்வி: ஏப்ரல் கடைசி வாரம், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த கையோடு அந்தமான் போகலாம் என்று இருக்கிறோம். ஆறு இரவு, ஏழு பகல். நான், கணவர், 13 வயது மகன், 7 வயது மகள், அத்தை (66 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம்). டிராவல் ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் செல்லுலார் சிறை, ராஸ் தீவு, நார்த் பே, ஜாலி பாய், பாராடாங், டிக்லிபூர், ஹேவ்லாக், நீல், சிடியா டாப்பு என்று எல்லாமே இருக்கிறது. இத்தனையும் ஏழு நாளில் முடியுமா? மகனுக்கு ஸ்கூபா ஆசை. கணவர் கப்பலில் போனால் என்ன என்கிறார். எது நல்ல இடம், எதை விடலாம் என்று சொல்லுங்கள்.
– வாசகி, மதுரை

பதில்:

வணக்கம். பட்டியலைப் படித்ததும் பேனாவை எடுத்து டிக்லிபூர், பாராடாங், நார்த் பே மூன்றையும் அடித்துவிட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஜாலி பாயையும் சிடியா டாப்புவையும் அடித்தேன். மிச்சம் இருப்பதே உங்கள் ஐந்து பேருக்கு ஏழு நாளில் தாராளமாகப் போதும்.

பயணத் திட்டம் போட்டுத் தருவதுதான் என் தொழில். அந்தமான் என்று வருகிற குடும்பங்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எந்த இடம் நல்ல இடம்?" என்பதுதான். நல்லதில்லாத இடம் அங்கே குறைவு, அதனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பட்டியலைச் சுருக்கவே முடியாது. பொழுது எப்போது சாய்கிறது, படகு எப்போது கிளம்புகிறது, கடல் எப்போது வற்றுகிறது, கூட வருகிறவர்களின் உடம்பு எவ்வளவு தாங்கும், இந்த நான்கையும் வைத்துத்தான் அந்தமானில் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பொழுதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஏஜென்ட் பட்டியல்கள் முதலில் இடறுவது இதில்தான். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம் கடிகாரம்தான். ஏப்ரல் கடைசியில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், சாயங்காலம் ஐந்தரைக்கு சூரியன் விழுந்துவிடும், ஆறு மணிக்கு நல்ல இருட்டு. எட்டரை மணிக்கு டிபன் முடித்து, ஒன்பதரைக்குக் கிளம்பி, மூன்று இடம் பார்த்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்பலாம் என்கிற ஊட்டி, கொடைக்கானல் கணக்கு அங்கே செல்லாது. பிள்ளைகளை ஐந்தரைக்கு எழுப்பி ஆறரைக்குக் கடற்கரையில் விடுங்கள், வெயில் ஏறுவதற்குள் குளித்துக் கரையேறி, மதியம் தூங்கி, மூன்று மணிக்கு மறுபடி கிளம்புங்கள். இப்படி வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு இரண்டு இடம் நிம்மதியாகப் பார்க்கலாம், மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றுமே கெட்டுவிடும்.

அடுத்தது படகு. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது கடலில் இருக்கிற நேரம் மட்டும். அறையைக் காலி செய்வது, ஒரு மணி நேரம் முன்னாலேயே ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) போய் நிற்பது, பெட்டிகளை ஏற்றுவது, அடையாள அட்டை காட்டுவது, இறங்கி வண்டி பிடித்து ஹோட்டல் போய் அறைக்காகக் காத்திருப்பது என்று எல்லாம் சேர்த்தால் தீவு மாறுகிற ஒவ்வொரு முறையும் அரை நாள் கரைந்துவிடும். அதிலும் அத்தை கூட இருந்தால் அவசரப்படுத்தவும் முடியாது. ஆகவே தீவு மாறுவது மொத்தம் மூன்றே தடவை: போர்ட் பிளேர் – ஹேவ்லாக், ஹேவ்லாக் – நீல், நீல் – போர்ட் பிளேர். இரவுகளை ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில்தான். விமானம் ஏறுகிற அன்றைக்குக் காலையில் நீலிலிருந்து படகில் வந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்று மாறிப் படகு நின்றுபோனால் ஐந்து டிக்கெட்டும் வீண்.

(டிக்கெட்டில் வேறு பெயர்கள் இருந்தால் பதற வேண்டாம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள். ஆட்டோக்காரர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள்.)

முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கியதும் சாப்பிட்டுவிட்டு செல்லுலார் சிறைக்குப் போங்கள், மதியத்துக்கு மேல் வேறு எதையும் சேர்க்காதீர்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த சிறை. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு கைகள் பிரிந்து போன மாதிரிக் கட்டியிருந்தார்கள், இப்போது மூன்றுதான் மிச்சம். ஒவ்வொரு வரிசை அறைகளும் அடுத்த வரிசையின் முதுகைப் பார்த்தபடி இருக்கும், ஒரு கைதிக்கு இன்னொரு கைதியின் முகம் தெரியக்கூடாது என்பதற்காகவே. உங்கள் மகனை ஏதாவது ஓர் அறைக்குள் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். தலைக்கு வெகு மேலே ஒரு சின்ன காற்றுத் துவாரம், முன்னால் கம்பிக் கதவு. தாழ்ப்பாளைப் பார்த்தீர்களென்றால் கதவை விட்டுத் தள்ளிச் சுவருக்குள் குடைந்து வைத்திருப்பார்கள், உள்ளே இருக்கிறவன் கையை எவ்வளவு நீட்டினாலும் எட்டாது. பாடப் புத்தகத்தில் நாலு வரியில் முடிந்துபோகிற விஷயம் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தால் பதின்மூன்று வயதுக்குப் புரியும். மாடிப்படி உண்டு, மேல்மாடி அறைகளையும் மொட்டை மாடியையும் அத்தை பார்க்க வேண்டாம். கீழ்த்தள அறைகள், செக்கு வைத்திருக்கிற கொட்டகை, தூக்குமேடை எல்லாம் தரை மட்டத்திலேயே இருக்கின்றன, முற்றத்தில் உட்கார இடமும் உண்டு. இருட்டியதும் ஒலி-ஒளிக் காட்சி நடக்கும், மொழி நாளுக்கு நாள் மாறும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலைப் படகில் ஹேவ்லாக். இங்கே ஹோட்டல் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். "கடலோர அறை" என்று படம் போட்டு விற்கிற விடுதிகள் பெரும்பாலும் தீவின் கிழக்குக் கரையில், மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் பீச் பக்கம் இருக்கின்றன. படத்தில் தண்ணீர் அறை வாசலைத் தொடும். அதே இடத்தில் ஓதம் (கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்குவது) வற்றினால் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும், கண்ணுக்கு எட்டியவரை கல்லும் சேறும் உடைந்த பவளமும்தான். காலையில் பிள்ளைகள் நீச்சல் உடையோடு ஓடிவந்து நின்று முழிப்பார்கள். அந்தப் பக்கம் தங்கவே கூடாது என்று சொல்லவில்லை, சூரிய உதயத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் குளிக்கிற கடல் வாசலில் இருக்கிறது என்று நம்பி இரட்டைப் பணம் கொடுக்காதீர்கள். சாலைக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக்குள் இருக்கிற சுத்தமான அறையே போதும்.

குளிப்பதற்கு ராதாநகர். மேற்குக் கரை, ஏழாம் நம்பர் பீச். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற நீலக் கொடிச் சான்றை 2020-இல் முதன்முதலாக வாங்கிய எட்டு இந்தியக் கடற்கரைகளில் இதுவும் ஒன்று. எனக்கு அந்தச் சான்றைவிட முக்கியமாகப் படுவது மணல். மாவு மாதிரி நைசான வெள்ளை மணல், கல் கிடையாது, இறக்கம் மெல்ல மெல்லப் போகும், ஏழு வயதுக் குழந்தை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் காலடி தெரியும். கரையை ஒட்டியே கடல் மகுவா மரங்கள் காடாக நிற்பதால் அத்தைக்கு நாள் முழுக்க நிழல் உண்டு. உடை மாற்றும் அறை, கழிவறை இருக்கிறது, உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். ஹேவ்லாக்கில் இறங்கிய அன்றே மூன்று மணிக்கு அங்கே போய்விடுங்கள், அஸ்தமனம் வரை இருங்கள். முடிந்தால் மூன்றாம் நாள் மாலையும் அங்கேயே போங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு தடவையா என்று ஏஜென்ட் கேட்பார், கேட்கட்டும்.

அங்கே ஒரு எச்சரிக்கை. கடற்கரையில் ஒரு மூலைக்கு நடந்தால் நீல்ஸ் கோவ் என்று ஒரு அமைதியான குளம் போன்ற இடம் வரும், அலையே இருக்காது, பார்த்தால் இறங்கத் தோன்றும். 2010-இல் அங்கே ஒரு சுற்றுலாப் பயணியை முதலை கொன்றது. அந்தமானின் உப்புநீர் முதலைகள் ஓடைகளிலும் அலையாத்திக் காடுகளிலும் இருப்பவை, கடலிலும் நீந்தும். அதனால் கொடி நட்டு உயிர்காப்பாளர் நிற்கிற பகுதியில் மட்டும்தான் குளியல், ஓடை வந்து கடலில் சேர்கிற இடத்தில் கால் நனைக்கக்கூட வேண்டாம். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் அதில் இருப்பதை அப்படியே நம்புங்கள்.

மூன்றாம் நாள் காலை மகனுடைய ஸ்கூபா. பத்து வயது ஆனவர்களைப் பயிற்சியாளர் துணையோடு இறக்குவார்கள், நீச்சல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார். உடல்நலப் படிவம் ஒன்று தருவார்கள், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்துமா, காதில் கோளாறு, சைனஸ் தொந்தரவு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். படிவமே வேண்டாம் என்று சொல்லுகிற இடத்தில் பையனை விடாதீர்கள். சளி பிடித்திருந்தாலும் வேண்டாம், ஆழத்தில் காது வலி உயிர் போகும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறக்கிற பழக்கத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். கடலுக்குள் மூழ்கியவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது, பதினெட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஒரு முழு நாள் என்று வைத்துக்கொண்டால் கவலையே இல்லை. மூன்றாம் நாளே ஸ்கூபாவை முடித்துவிடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவன் அப்பாவோடு கடலுக்குள் இருக்கிற நேரத்தில் நீங்களும் மகளும் எலிஃபன்ட் பீச் போகலாம். ஜெட்டியிலிருந்து வேகப் படகு, கொஞ்ச நேரப் பயணம்தான். இறங்கும்போது முழங்கால் அளவுத் தண்ணீரில் குதித்து இறங்க வேண்டும், அதனால் அத்தைக்கு வேண்டாம். மிதவைச் சட்டை போட்டு, முகமூடி மாட்டி, கயிறு பிடித்துக் கூட்டிப் போய் பவளத்தைக் காட்டுவார்கள். ஆனால் ஒன்று, விளம்பரத்தில் இருக்கிற நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்துச் செத்தன, ஆழம் குறைந்த இடங்களில் இன்னும் பல இடம் சாம்பல் நிறம்தான். மீன்கள் இருக்கின்றன, குழந்தைக்கு அதுவே போதும். பவளத்தின் மேல் காலை மட்டும் வைக்கவிடாதீர்கள், அது கல் இல்லை, உயிர்.

இப்போது நீல். எல்லா ஏஜென்டும் இதை ஒரு பகலில் முடித்துவிடச் சொல்வார்கள், நான் இரண்டு இரவு போடச் சொல்கிறேன், அதுவும் முக்கியமாக உங்கள் அத்தைக்காக. சின்னத் தீவு, பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாத சமதரை, தென்னையும் வாழையும் காய்கறித் தோட்டமுமாக இருக்கும், போர்ட் பிளேருக்கு இங்கிருந்து காய்கறி போகிறது. ஒரு ஆட்டோவை அரை நாளைக்குப் பேசிக்கொண்டால் மொத்தத் தீவும் முடிந்துவிடும், அதற்கப்புறம் சும்மா இருப்பதுதான் வேலை. பரத்பூர் கடற்கரை ஜெட்டியை ஒட்டியே இருக்கிறது. அடிப்பக்கம் கண்ணாடி போட்ட படகில் அத்தையை ஏற்றிவிடுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்தே கடலின் தரையைப் பார்ப்பார். படகுக்காரர் பவளம் இருக்கிற இடத்துக்குப் போனதும் இன்ஜினை நிறுத்துவார், கண்ணாடிக்குக் கீழே கடல் வெள்ளரி ஒன்று அசையாமல் கிடக்கும், அதன் பக்கத்தில் கோடு போட்ட மீன் கூட்டம் ஒரே நேரத்தில் திரும்பும். பல தடவை கவனித்திருக்கிறேன், பயணம் முழுக்க "நான் ரூமிலேயே இருக்கேன்" என்று சொன்ன பெரியவர்கள் இந்தப் படகை விட்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

நீலின் இன்னொரு அதிசயம் லக்ஷ்மண்பூர் பக்கம் கடல் குடைந்த இயற்கைப் பாலம். அங்கே போக ஒரு வழிதான், ஓதம் வற்றியிருக்கும்போது செத்த பவளப் பாறைகளின் மேல் நடப்பது. தண்ணீர் ஏறியிருந்தால் போய்த் திரும்ப வேண்டியதுதான். பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு வேண்டும், அத்தை மேலேயே இளநீர் குடித்துக்கொண்டு இருக்கட்டும். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நண்டும் குட்டி மீனும் இருக்கும், உங்கள் மகள் பாலத்தைவிட அதைத்தான் பார்ப்பாள். எந்த நேரத்துக்கு வற்றும் என்பதை முந்தின நாளே விடுதியில் கேளுங்கள், நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். வீட்டு காலண்டரையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ரொம்ப வற்றும், ரொம்ப ஏறவும் செய்யும். உங்கள் நீல் நாட்கள் அதை ஒட்டி அமைந்தால் பாலம் நன்றாகப் பார்க்கலாம்.

ஆறாம் நாள் காலைப் படகில் போர்ட் பிளேர் திரும்பி, மதியத்துக்குள் ராஸ் தீவு. அபர்டீன் ஜெட்டியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம். 1941 நிலநடுக்கத்துக்கு முன்பு வரை வெள்ளைக்காரர்களின் தலைநகரம், இன்று தேவாலயச் சுவர்களை ஆலமர வேர்கள் பிடித்து நிற்கின்றன, மான்கள் பயமில்லாமல் கிட்டே வரும். மேலே ஏற பேட்டரி வண்டி உண்டு, அத்தைக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு நார்த் பேயையும் சேர்த்து டிக்கெட் விற்பார்கள், வேண்டாம், எலிஃபன்ட் பீச் பார்த்தவர்களுக்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை. சிடியா டாப்பு அஸ்தமனம் அழகுதான், ஆனால் ராதாநகரில் பார்த்ததே போதும். சில இடங்கள் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், தேதி முடிவானதும் சிறை, ராஸ், எலிஃபன்ட் பீச் மூன்றுக்கும் விசாரித்து, தேவைப்பட்டால் முதல் நாளையும் ஆறாம் நாளையும் மாற்றிப் போடுங்கள்.

அடித்துவிட்டவற்றுக்குக் காரணம் சொல்லவில்லை. டிக்லிபூர் சாலை வழியாகச் சுமார் 300 கிலோமீட்டர், ஒரு வழிக்கே ஒரு முழு நாள். ஜாலி பாய் உண்மையிலேயே அருமையான இடம், பவளம் அங்கேதான் நன்றாக இருக்கிறது, பிளாஸ்டிக் ஒன்றையும் உள்ளே விடமாட்டார்கள், அதனால்தான் அப்படி இருக்கிறது. உங்களுக்கு எட்டாவது நாள் கிடைத்தால் அதற்குக் கொடுங்கள்.

பாராடாங் வேறு விஷயம். விடியற்காலை மூன்று, மூன்றரைக்குக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, போலீஸ் காவலோடு வண்டிகள் கூட்டமாகப் போக, அப்புறம் படகு, அப்புறம் சுண்ணாம்புக் குகைக்கு நடை. முழங்கால் வலிக்காரர் வேண்டாம் என்பதற்கு இதுவே போதும். ஆனால் நான் யாருக்குமே அதைப் போட்டுத் தருவதில்லை. அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. அவர்கள் மொத்தமே சில நூறு பேர். காட்டுக்குள் இருக்கிற அந்தச் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது, இன்றும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, தின்பண்டம் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, இருந்தும் "போகிற வழியில் ஆதிவாசிகளைப் பார்க்கலாம்" என்று சொல்லி விற்கிற ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஜன்னல் வழியாக இன்னொரு வீட்டுப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்கக் காசு கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் ஏஜென்ட் அப்படிச் சொல்லியிருந்தால் ஆளையே மாற்றிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு போர்ட் பிளேரில் பிரச்சினையே இல்லை, தமிழர்கள் நிறைய இருக்கிற ஊர், இட்லி, சாம்பார், தயிர்சாதம் எல்லாம் கிடைக்கும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள், மீன் வாசனை எங்கும் இருக்கும், ஆனால் சைவச் சாப்பாடு உண்டு. நீலில் காலையிலேயே சொல்லிவைத்தால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் அத்தை பையில் இருக்கட்டும். படகு ஏறுவதற்கு அரை மணி முன்னால் வாந்தி மாத்திரை, அத்தை வேறு மாத்திரைகள் எடுப்பவராக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு. சின்னத் தீவுகளில் ஏ.டி.எம். குறைவு, போன் சிக்னலை நம்பிப் பணமில்லாமல் போகாதீர்கள். மகள் பொறுக்குகிற சிப்பிகளையும் பவளத் துண்டுகளையும் கடற்கரையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், பவளம் எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

கப்பலைப் பற்றிக் கணவர் கேட்டதற்கு: சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,350 கிலோமீட்டர், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். போக மூன்று, வர மூன்று என்றால் உங்கள் ஏழு நாளில் ஆறு கடலிலேயே முடிந்துவிடும். கிளம்பும் தேதியும் நாம் நினைத்தபடி அமையாது. பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறையும் அவருக்கு மூன்று வார லீவும் கிடைக்கிற வருஷத்தில் ஒரு வழி கப்பல், மறு வழி விமானம் என்று போங்கள். இந்த ஏப்ரலுக்கு சென்னையிலிருந்து காலை விமானம், இரண்டு மணி நேரம் சொச்சம்தான். மதுரையிலிருந்து முந்தின நாளே சென்னை வந்து தங்கிவிடுங்கள்.